பழவேற்காடும் புலிக்காட்டும்: ஓர் ஊர்ப்பெயர்த் தொகையின் அசையும் அழுத்தமும்

எளாவூர்ப் பகுதி மீனவர் பழவேற்காடு என வழங்கும் ஏரியைத் தமிழ் நாளேடுகள் சில ‘புலிக்காட்’ என்றும் எழுதுகின்றன. இவ்வடிவில் ‘புலி’ எனும் விலங்கின் பெயரைக் காண்போரும் உளர். இப்பிழையின் தோற்றுவாய் இரு மொழிகளின் தொகைச்சொல் இயல்பில் உள்ளது.

பழவேற்காடு என்பது பழைய வேலமரக் காடு எனப் பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. வேல், காடு என்பன புணருங்கால் லகரம் றகரமாகத் திரியும். திருவேற்காடு என்பதும் இவ்வாறு அமைந்ததே. தமிழில் தொகையின் ஒருமையை உணர்த்துவதில் இத்தகைய புணர்ச்சித் திரிபுக்குப் பெரும்பங்கு உண்டு. இப்பெயரைத் தொல்காப்பிய நெறியில் அசை பிரித்தால் பழ (நிரை), வேற் (நேர்), காடு (நேர்பு) என மூன்றாகும். ஈற்றுக் குற்றியலுகரம் தனித்து நில்லாது முன்னசையுடன் இயைகிறது.

ஆங்கிலத்தில் இவ்வொருமையைப் பெரும்பாலும் அழுத்தமே காட்டும். ‘கிரீன்ஹவுஸ்’ என்பதன் முதற்கூறு அழுத்தம் பெறின் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலைக் குறிக்கும். இரண்டாம் கூறு மிகுந்த அழுத்தம் பெறின் பச்சை நிற வீட்டைக் குறிக்கும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் எழுதிய ‘பலெயகாத்தே’, ‘பலியகத்தா’ போன்ற வடிவங்களில் ழகரம் லகரமாயிற்று, ‘வேற்’ சிதைந்தது, எனினும் ஈற்றில் ஓர் உயிர் நின்றது. 1825இல் இவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கில வடிவில் முதலசை அழுத்தம் பெற்றது, இடையசை குறுகிய இகரமாயிற்று, ஈற்றுயிர் மறைந்தது. குற்றியலுகரத்தைத் தனி அசையாகக் கொள்ளாத தொல்காப்பியக் கணக்கு, அவ்வுயிரின் மெலிவை முன்னரே உணர்த்துவது நோக்கத்தக்கது.

முதலசையின் அகர ஒலியை ஆங்கிலேயர் ‘யு’ எழுத்தால் குறித்தனர். பஞ்சாப் என்னும் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இதுவே மரபு. அவ்வெழுத்தை உகரமாகப் படித்ததன் விளைவே ‘புலி’. அழுத்தம் இடையசையை மெலிவித்தது. எழுத்துக்கூட்டல் முதலசையை மாற்றியது.

எளாவூர் என்னும் பெயரிலும் இத்தகைய இழப்பைக் காணலாம். வகர உடம்படுமெய் இணைக்கும் இப்பெயர் எளா (நிரை), வூர் (நேர்) எனப் பிரியும். அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலோ ளகரத்தையும் ஆகார நெடிலையும் காட்டுவதில்லை. எனவே ஆங்கில வடிவை மீண்டும் தமிழில் பெயர்த்தெழுதாது, கரையோர மக்களின் வழக்கையே ஆவணங்களில் கொள்ளுதல் வேண்டும். புணர்ச்சி சிதைந்தால் பெயருள் உறையும் வேலங்காட்டின் நினைவும் மறையும்.