முன்பணம் என்றொரு தூண்டில்

முதலிபாளையம் சிட்கோ பக்கம் போயிருக்கிறீர்களா? காலை டீ நேரத்தில் போய்ப் பாருங்கள். ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சல் சட்டென்று அடங்கும். அடுத்த நிமிஷம் பனியன் கம்பெனி வாசலில் கூட்டம். கையில் டீ டம்ளர். வாயில் மதுரைத் தமிழ், கொங்குத் தமிழ், ஒடியா, இந்தி எல்லாம்!

அந்த டம்ளரில் இருக்கும் சிவப்பு நிறத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அது நடந்த இடமும் ரொம்பத் தூரமில்லை. பல்லடம், பொள்ளாச்சி, ஆழியாறு... அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறை வந்துவிடும்.

ஆனைமலைத் தோட்டங்களில் 1940-களில் டாக்டராக வேலை பார்த்தவர் பி.எச்.டேனியல். வைத்தியம் பார்க்கப் போனவர், கதை கேட்கவும் ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கொடுமைகளை வயதான தொழிலாளர்கள் சொல்லச் சொல்ல, மனசில் வாங்கிக்கொண்டார். தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கவும் பாடுபட்டார். 1969-ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். நம்ம ஊர்க் கதை தமிழுக்கு வர 38 வருஷம் ஆனது! இரா.முருகவேள் மொழிபெயர்க்க, 2007-ல் 'எரியும் பனிக்காடு' வந்தது. 2013-ல் பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படையும் இதுதான்.

நாவலில் காலம் 1920-கள். திருநெல்வேலிச் சீமையின் மயிலோடை கிராமம். கருப்பன், வள்ளி என்று ஒரு தலித் தம்பதி. மழையில்லை, வேலையில்லை, அடுப்பு எரியவில்லை. அந்த நேரம் பார்த்து வருகிறான் மேஸ்திரி. மலையில் வேலை, நல்ல சம்பளம், கொஞ்ச நாளில் கை நிறையப் பணத்தோடு திரும்பிவிடலாம் என்கிறான். கையில் முன்பணத்தையும் திணிக்கிறான்.

அவ்வளவுதான். தூண்டில் தொண்டையில் மாட்டிவிட்டது!

மலையில் குளிர், அட்டை, மலேரியா. கணக்கு முடிக்கும் நாளில் பார்த்தால் சம்பளத்தைவிடக் கடன் பெரிசாக நிற்கும். தப்பி ஓடலாமே என்கிறீர்களா? அதற்கும் சட்டம் வைத்திருந்தான் வெள்ளைக்காரன். 1859-ம் வருஷச் சட்டம் ஒன்றின்படி, முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை ஜெயில். தோட்ட முதலாளிகளுக்காகவே மதராஸ் மாகாணத்தில் 1903-ல் தனியாக இன்னொரு சட்டம் வேறு! கடனைத் திருப்பித் தராததற்குக் கோர்ட்டுக்குப் போகலாம், சரி. கூலிக்காரனை மட்டும் குற்றவாளியாக்கியது எந்த ஊர் நியாயம்?

துரையின் பார்வையில் கருப்பன் மனுஷனே இல்லை. கறுப்புத் தோல் போர்த்திய ஒரு கருவி. இதைத்தான் நிறவெறி என்கிறோம். ஆனால் டேனியல் அதோடு நிறுத்தவில்லை. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மயிலோடைக்கு வந்து ஆள் பிடித்தது துரையா? இல்லை, தமிழ் பேசும் மேஸ்திரி. துரைக்கு ஊர் வழி தெரியாது. யார் வீட்டில் பட்டினி என்பதும் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும். ஊரில் சாதி துரத்தியது, மலையில் நிறம் மிதித்தது. இரண்டுக்கும் நடுவே கமிஷன் வாங்கியவன் நம்ம ஆள்!

1859 சட்டம் 1926-ல் ஒழிந்தது. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை என்றானது. தூண்டில் ஒழிந்ததா?

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புரோக்கர் ஏழை வீட்டுக்குப் போவார். பெண்ணை மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் விடுங்கள், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்பார். கருப்பனுக்குப் பணம் முன்னால் வந்தது. இந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரும் என்றார்கள். பாதியில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அந்தத் தொகை கிடைக்காமலே போனவர்கள் உண்டு. எல்லா மில்லும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால், கயிறு ஒன்றுதான். கட்டும் முனை மட்டும் மாறியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இலங்கை, மலேயா, பிஜி, தென்னாப்பிரிக்கா என்று போன நம் ஆட்களுக்கு அங்கெல்லாம் ஒரே பெயர்தான்: 'கூலி'. அதைப் படிக்கும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். அதே வாயால், ரயில் விட்டு இறங்கி நம்ம கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒடிசாப் பையனை 'ஏய், வடக்கா' என்று கூப்பிடுகிறோமே! அவன் ஊரிலும் ஒரு மயிலோடை இருக்கும். அங்கேயும் ஒரு மேஸ்திரி போயிருப்பான்.

அடுத்த தடவை டீக்கடையில் அவன் உங்கள் பக்கத்தில் நின்றால் ஒன்று செய்யுங்கள். 'தம்பி, உன் பேரு என்ன?' என்று கேளுங்கள்.

துரை ஒரு நாளும் கருப்பனிடம் கேட்காத கேள்வி அது!