கண்ணகி மலையும் இரும்புக்கையும்: அதிசய ஆற்றல் பெற்ற இளையோர் கதைகளின் வரலாறு

மனிதருக்கு இயல்பாக அமையாத ஆற்றலைத் திடீரெனப் பெற்றுவிடும் இளையோரைப் பற்றிய கதைகள், அறிவியல் புனைவில் ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. பறத்தல், கண்ணுக்குத் தெரியாமல் மறைதல், பிறர் மனத்தை அறிதல், உருமாறுதல் ஆகியவை இக்கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை. இவ்வகை மேலைநாட்டு இறக்குமதி என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மைதான். அறிவியல் விளக்கம் அங்கிருந்து வந்தது. ஆற்றல் பெற்ற இளம்பெண்ணோ தமிழில் காப்பியக் காலத்திலேயே இருக்கிறாள். அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்னும் இரு கேள்விகளுக்கும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டதே இவ்வகையின் வரலாறு.

கம்பம் பள்ளத்தாக்கின் கண்ணகி

தேனி மாவட்டம் கம்பத்தை அடுத்த கூடலூருக்கு அருகே, தமிழ்நாடு கேரள எல்லையில் வண்ணாத்திப்பாறை என்னும் மலையுச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் அமைந்திருப்பதால் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே பொதுமக்கள் வழிபட அனுமதி உண்டு. அன்று குமுளி வழியாக ஜீப்பிலும், லோயர் கேம்ப் அருகிலுள்ள பளியன்குடி வழியாக நடந்தும் மக்கள் மலையேறுகின்றனர். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் இதுவே என்று 1963ஆம் ஆண்டு பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார். மதுரையை விட்டு நீங்கிய கண்ணகி வையைக் கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்தாள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆற்றை எதிர்த்து அவ்வழியே நடப்பவர், கிளையாறான முல்லையாற்றைப் பின்பற்றினால் வந்து சேரும் இடம் கம்பம் பள்ளத்தாக்கு. வஞ்சி நகரம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. பள்ளத்தாக்கு மக்களுக்கு அந்த ஐயம் இல்லை.

திருமணத்தின்போது கண்ணகிக்கு வயது பன்னிரண்டு. கணவன் கொலையுண்டபோதும் அவள் இளம்பெண்தான். நீதி தவறிய ஊரை எரிக்கும் ஆற்றல் அவளுக்குக் கற்பின் வழியாக வந்தது என்பது காப்பியம் தரும் விளக்கம். அந்த ஆற்றலுக்கு ஒரு வரம்பும் உண்டு. யாரை எரிப்பது என்று தீக்கடவுள் கேட்கிறான். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவரை மட்டும் பற்றுமாறு அவள் ஆணையிடுகிறாள். கடுங்கோபத்தின் நடுவிலும் இன்னாரை விட்டுவிடு என்று சொல்ல அவளுக்கு நினைவிருந்தது. இன்றைய சாகச நாயகர்கள் நகரங்களை இடித்துப் போடும் வேகத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்த இடம் கட்டாயம் நினைவுக்கு வர வேண்டும்.

மணிமேகலையின் மூன்று மந்திரங்கள்

இன்றைய இளையோர் நாவலுக்கு இன்னும் நெருக்கமானது சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. மாதவியின் மகளான மணிமேகலை, தன் விருப்பமின்றியே மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்லப்படுகிறாள். அங்கே மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது. ஒன்று வேற்றுருக் கொள்வதற்கு, ஒன்று வானில் செல்வதற்கு, ஒன்று பசியின்றி இருப்பதற்கு. பின்னர் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது.

பறக்கவும் உருமாறவும் தெரிந்த பெண் முதலில் செய்தது ஊராருக்குச் சோறு போட்டது. தன் பசியை நீக்கும் மந்திரம் கிடைத்த பிறகே பிறர் பசியை நீக்கும் பாத்திரம் கிடைக்கிறது. சாத்தனார் இந்த வரிசையை எண்ணித்தான் அமைத்திருக்க வேண்டும்.

ஆனால் அதே ஆற்றல் கேட்டையும் கொண்டுவருகிறது. தன்னைத் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலை காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளை நெருங்கிய உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். உருமாற்றம் யாரைக் காக்க எடுக்கப்பட்டதோ அவள் தப்பினாள். ஓர் இளவரசன் உயிர் போயிற்று. அவள் சிறைக்கும் செல்ல நேர்கிறது. ஆற்றலுக்கு விலை உண்டு என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கதைகள் பிற்காலத்திலும் மிகுதி இல்லை.

உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தில் எச். ஜி. வெல்ஸின் ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவல் வெளிவந்தது. அதன் நாயகன் கிரிஃபின் ஓர் இளம் விஞ்ஞானி. தெய்வமோ மந்திரமோ இன்றி, ஒளி பற்றிய தன் ஆய்வினாலேயே உடலை மறைத்துக்கொள்கிறான். விடை மாறிவிட்டது. ஆற்றல் இனி வரமன்று, சோதனையின் விளைவு.

மின்சாரம் பாய்ந்த மாயாவி

இந்தப் புதிய விடை தமிழ்ச் சிறுவர்களிடம் நாவல் வழியாக வந்ததைவிடக் காமிக்ஸ் வழியாகவே மிகுதியாக வந்தது. 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய ‘ஸ்டீல் கிளா’ என்னும் படக்கதையை எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அதன் நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வகத்தில் உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை தவிர மற்றெல்லாம் மறைந்துவிடும். 1972இல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’யாக வெளிவந்தது. முல்லை தங்கராசன் அதன் ஆசிரியர். கிராண்டேல் தொடக்கத்தில் குற்றத்தின் பக்கம் சாய்ந்தவன் என்பதையும், பிறகே உளவாளியாகத் திருந்தினான் என்பதையும் அன்றைய வாசகர் பலர் மறந்திருக்கலாம். மாயாவி என்றால் நல்லவன் என்பதே தமிழ்நாட்டில் நிலைத்த பெயர்.

கம்பம் பள்ளத்தாக்கில் மின்சாரம் கண்ணுக்குத் தெரியும் பொருள். முல்லைப் பெரியாற்று நீர் பெருங்குழாய்கள் வழியே மலையிலிருந்து இறங்கி, 1950களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய லோயர் கேம்ப் மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுவதைக் குமுளிச் சாலையில் செல்லும் எவரும் அறிவர். கண்ணகியின் மலையடிவாரத்திலேயே மாயாவியின் ஆற்றலும் உற்பத்தியாகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். (மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறையமாட்டான், இறந்துபோவான் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியாக வேண்டிய பொறுப்பு அறிவியல் ஆசிரியர்களுக்கு வந்து சேர்ந்தது.)

அமெரிக்காவில் இக்காலத்தில் மூன்றாவது விடை ஒன்று பரவியது: பிறவி. ஏ. இ. வான் வோக்ட் 1940இல் எழுதிய ‘ஸ்லான்’ நாவலில், பிறர் எண்ணத்தை அறியும் ஒன்பது வயதுச் சிறுவன் வேட்டையாடப்படுகிறான். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய ‘எக்ஸ்-மென்’ பள்ளி மாணவர்களும் ஆற்றலோடு பிறந்தவர்களே. வேறுபட்டுப் பிறந்ததற்காக வெறுக்கப்படும் பிள்ளைகளின் கதையாக இவ்வகை மாறியது அங்கேதான். பிறப்பால் ஒதுக்குதலை நன்கறிந்த தமிழ்ச் சமூகத்தில் இந்தக் கரு இன்னும் ஆழமாக வேர்விட்டிருக்க வேண்டும்.

தமிழில் அறிவியல் புனைவைப் பெருவாசகரிடம் கொண்டுசேர்த்த சுஜாதா வேறு வழியில் சென்றார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில் இளம்பெண் நிலாவுக்கு அதிசய ஆற்றல் எதுவும் இல்லை. ஆற்றல் முழுவதும் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கே. படித்து, சிந்தித்து, கேலி பேசி, சர்வாதிகாரத்தை எதிர்க்க அவளுக்குத் துணை நிற்பது அதுதான். கணிப்பொறியை அறிந்த எழுத்தாளர் மனித உடலைவிட இயந்திரத்தை நம்பியதில் வியப்பில்லை.

ஆசையே ஆற்றலானபோது

இந்திய இளைஞர்களையே நாயகர்களாக்கிய ஆங்கில நாவல் சமித் பாசுவின் ‘டர்புலன்ஸ்’. 1979இல் பிறந்த பாசு, 2003இல் வெளியான ‘சிமோக்கின் ப்ராஃபசீஸ்’ என்னும் மாயப்புனைவு நாவலால் அறிமுகமானவர். ‘டர்புலன்ஸ்’ 2012இல் பிரிட்டனில் டைட்டன் பதிப்பகத்தாலும் வெளியிடப்பட்டது. லண்டனிலிருந்து டெல்லி வரும் விமானத்தில் பயணம் செய்த 403 பேரும் இறங்கும்போது ஏதோ ஓர் ஆற்றலோடு இறங்குகின்றனர். ஒவ்வொருவரின் உள்மனத்தில் எந்த ஆசை இருந்ததோ அதுவே அவரது ஆற்றல். நடிகையாக விரும்பிய உஸ்மாவை எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்க ஏங்கிய தியா பலராகப் பிரிகிறாள். விமானப்படை வீரன் வீர் பறக்கிறான். ஜெய் உலகையே ஆளத் துடிக்கிறான்.

நாவலின் உயிர் அமனிடம் இருக்கிறது. இணையம் முழுவதையும் மனத்தாலேயே இயக்கும் இளைஞன் அவன். செல்வர்களின் பணத்தை எடுத்துத் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பி உலகைச் சீர்செய்துவிடலாம் என்று நம்புகிறான். விளைவு அவன் எண்ணியபடி அமைவதில்லை. அமுதசுரபியோடு ஊரம்பலத்தில் நின்ற மணிமேகலையை அறிந்த தமிழ் வாசகர் இங்கே சற்று நின்று படிப்பார். இருவரும் எடுத்துக்கொண்டது ஒரே வேலை. அவள் பசித்தவரின் முன்னால் நின்று தன் கையால் இட்டாள். இவன் யார் முகத்தையும் பார்க்காமல் திரைக்குப் பின்னாலிருந்து கணக்குகளை மாற்றினான்.

இதன் தொடர்ச்சியான ‘ரெசிஸ்டன்ஸ்’ 2020ஆம் ஆண்டில் நடக்கிறது. அதற்குள் உலகெங்கும் ஆற்றல் பெற்றோர் பெருகிவிடுகின்றனர். முதல் விமானத்தில் வந்தவர்களை யாரோ ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டிருக்கிறார்கள்.