கடலுக்குப் போற பாதை: அப்புத்தளையிலிருந்து ஒரு தீவின் விடுமுறை வரலாறு

மூட்டம் இல்லாத காலையில் அப்புத்தளை மலை விளிம்பில் நின்று தெற்கே பார்த்தால், சமவெளி முடியுற இடத்துல கடல் மெல்லிய கோடாகத் தெரியும். லிப்டன் சீட்டுக்கு வர்ற வெளிநாட்டுப் பயணிகளுக்கு நம்ம ஆட்டோ அண்ணாமார் கைநீட்டிக் காட்டுற காட்சிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பயணிகளில் நிறையப் பேருக்கு அடுத்த தரிப்பே அங்கதான். வெல்லவாய வழியா இறங்கினா மிரிஸ்ஸ, வெலிகம. மொனராகலை வழியா போனா அறுகம்பே. ரெண்டு நாள் மலை, மிச்ச நாள் மணலில் படுத்து ஓய்வு. உலகம் இலங்கையை விலைபேசுற விதம் இதுதான்: வெப்பமண்டலத் தீவு, தென்னை மரம், ஓய்வு.

இந்தத் தீவு எப்போதிருந்து ஓய்வுக்கான தீவாச்சு? அந்த ஓய்வில் மலையில் இருக்கிற நமக்கு என்ன பங்கு?

ஓய்வு மலையில் இருந்த காலம்

கடற்கரைன்னா ஓய்வு என்பது நாம நினைக்கிற அளவுக்குப் பழைய எண்ணம் இல்லை. பிரித்தானியர் ஆண்ட காலத்தில் இது பெரும்பாலும் தலைகீழாக இருந்தது. கரையோரத்து வெக்கையும் ஈரமும் வெள்ளைக்கார உடம்புக்கு நோய் தரும் என்று அவர்களுடைய வைத்தியர்கள் நம்பினார்கள். அதனால் ஓய்வு தேடி மேலே ஏறினார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் கடைசியில் நுவரெலியாவில் தனக்கொரு மாளிகை கட்டினார். 1840களில் சாமுவேல் பேக்கர் அங்கேயே குடியேறி, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை உருவாக்கப் பார்த்தார்.

ஊவாவுக்கும் அந்த மோகம் வந்தது. கோச்சிப் பாதை 1893இல் அப்புத்தளைக்கும், அடுத்த வருசம் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது. பதுளைக்குப் போக 1924 ஆகிவிட்டது. தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் அப்புத்தளையில் கட்டிய அடிஷாம் பங்களா இன்றைக்குக் கத்தோலிக்கத் துறவிகளின் மடம். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப் போகாத அப்புத்தளைப் பிள்ளை இருக்காது.

கரையில் கல்கிசை மாளிகையும், 1864இல் திறந்த கோல்பேஸ் ஹோட்டலும் இருந்தனதான். ஆனால் அவை ஆளுநருக்கும் கப்பலில் வந்து இறங்குகிற பணக்காரருக்கும் உரியவை. வெலிகம குடாவில் ஒரு குட்டித் தீவை வாங்கி அதில் வீடு கட்டிய டி மௌனி பிரபு மாதிரி ஆட்கள் விதிவிலக்கு.

தொரைமாருக்கு ஓய்வு தந்த அதே குளிர்தான் நம்ம ஆட்களுக்கு வேலை நேரத்துக் குளிர். லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அவர் உட்கார்ந்து ரசித்ததாகச் சொல்லப்படும் இடம் இன்று சுற்றுலாத் தலம். அந்த இடத்தைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு நிரையும் யாரோ பெரட்டுக்கு நின்று, கூடையைத் தூக்கிப் போய் உண்டாக்கியது.

நம்ம ஆட்கள் பார்த்த கடல்

சங்க இலக்கியத்தில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் திணை. அதன் உரிப்பொருள் இரங்கல், அதாவது போனவரை நினைத்து வருந்தியிருப்பது. ஏ.எல்.க்குத் தமிழ் படித்தபோது பரீட்சைக்காகப் பாடமாக்கின இந்த வரி மலையக வரலாற்றுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து வந்தவர்கள் பாக்கு நீரிணையைப் படகில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியில் நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் சேவை தொடங்கியது. பிறகு மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். நம்ம குடும்பங்களின் முதல் கடற்கரை அனுபவம் இப்படிப்பட்டதுதான்: வரிசை, சோதனை, நடை.

ஒரே காலம், ரெண்டு கரை

நான் முக்கியமாகப் பேச நினைப்பது 1960களைப் பற்றி. 1950களின் நடுப்பகுதிக்குப் பிறகு உலகச் சந்தையில் தேயிலை விலை சரிந்தது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. இனித் தேயிலையை மட்டும் நம்ப முடியாது, வேறு வருமானம் வேணும் என்ற நிலை. அதே நேரம் ஐரோப்பாவில் சம்பளத்தோடு விடுமுறை என்பது தொழிலாளருக்கும் உரிமையாகி இருந்தது. பிரான்சில் 1936இல் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு வந்த சட்டம் ரெண்டு வாரம் கொடுத்தது. ஜெட் விமானம் தூரத்தைக் குறைத்தது. குளிர்காலத்தில் வெயில் தேடி வர ஒரு கூட்டம் தயாராக இருந்தது.

டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் 1966இல் சுற்றுலாச் சபையை அமைத்தது. 1967இல் பத்தாண்டுத் திட்டம் வந்தது. பெந்தோட்டையில் அரசாங்கமே காணியை ஒதுக்கி விடுமுறைக் கிராமம் உருவாக்கியது. ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டல் அங்கேதான் எழும்பியது. 1966இல் வந்த பயணிகள் ஏறக்குறைய 19,000 பேர். 1982இல் 4 லட்சத்தைத் தாண்டியது.

இனி மற்றக் கரையைப் பார்ப்போம். 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒருத்தர்கிட்டயும் கேட்கவில்லை. பதுளைப் பாதை ஸ்டேசன்களிலும் ஹட்டனிலும் கண்டியிலும் சொந்தங்கள் கட்டிப்பிடித்து அழுத அந்த ரயிலுக்கு நம்ம ஆட்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. அது போய் நின்ற இடம் தலைமன்னார் இறங்குதுறை. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு நீலகிரி, கூடலூர், கோத்தகிரி என்று மறுபடியும் தேயிலை மலை. 1980களின் நடுப்பகுதியில் போர் கப்பலை நிறுத்துவதற்குள் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

தென்மேற்குக் கரையில் ஓய்வெடுக்க ஆட்களை வரவேற்ற அதே இருபது வருசத்தில்தான் வடமேற்குக் கரை வழியாக உழைத்த ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். இதை யாரோ உட்கார்ந்து போட்ட ஒரே திட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் ஒரு அரசாங்கத்தோடது, சுற்றுலாச் சபை இன்னொரு அரசாங்கத்தோடது. ஆனால் வருபவரின் செலாவணிக்கு மதிப்பு இருந்தது. நூற்றைம்பது வருசமாகச் செலாவணி உழைத்துக் கொடுத்தவருக்குக் குடியுரிமைகூட இல்லை.

கடற்கரையில் வாழ்ந்தவர்கள்

தீவுச் சுற்றுலா தன் ஊர் மக்களை ஓரமாக நிறுத்துவது இங்கே மட்டும் நடந்ததல்ல. மாலைதீவில் முதல் விடுதியான குரும்பா 1972இல் திறந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளாக விடுதித் தீவு வேறு, மக்கள் வாழும் தீவு வேறு என்றே வைத்திருந்தார்கள். நம்ம நாட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டத் தடை வந்தது. மீனவருக்கு இறுக்கமாக இருந்த தடையில் சுற்றுலாக் கட்டடங்களுக்கு விலக்கு இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகுதான் தளர்த்தினார்கள். அறுகம்பே மீனவரும் அப்புத்தளைத் தொழிலாளியும் இந்த விசயத்தில் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

ஓய்வு ஒரு உரிமை

1948 நவம்பரில் நம்ம ஆட்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாசமே ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 24ஆவது உறுப்புரை ஓய்வும், சம்பளத்தோடு விடுமுறையும் எல்லோருக்கும் உரிமை என்கிறது. குடியுரிமை முழுசாகத் திரும்பி வர 2003 வரைக்கும் ஆனது. ஓய்வு இன்னும் வரவில்லை. 2021இல் 1,000 ரூபாய் நாள் சம்பளம் வர்த்தமானியில் வருவதற்கே பல வருசப் போராட்டம் தேவைப்பட்டது. பின்னர் கொஞ்சம் கூடினாலும், பேர் போட்டால்தான் காசு என்ற கணக்கு மாறவில்லை. கதிர்காமத்துக்கு வேன் பிடித்துப் போய்வருகிற வழியில் அரை நாள் கடலில் கால் நனைப்பதுதான் பல லயத்துக் குடும்பங்களின் கடற்கரை விடுமுறை. நம்ம வயசுப் பொடியன்கள் கரையில் மாசக்கணக்கில் நிற்கிறார்கள், ஹோட்டல் தட்டு கழுவுகிறவர்களாக.

அதனால சுற்றுலாவே வேணாம் என்று சொல்ல வரவில்லை. கடல் எல்லாருக்கும் அழகுதான். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது சம்பளத்தோடு லீவையும் ஒரு கோரிக்கையாக வைக்க நாம பழக வேணும். 2023இல் மலையகம் 200ஐ முன்னிட்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். 2015இல் தலைமன்னாருக்கு மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த தடவை பெட்ச் ட்ரிப்புக்கு இடம் தேடும்போது, மிரிஸ்ஸவோடு சேர்த்து அந்த இறங்குதுறையையும் பட்டியலில் போடுங்கள்.