பனிமலையில் ஒரு வாக்கு (வரலாற்றுத் தொடர் – 7)

ஜெஸ்ஸி பிரவுன் உயிரோடுதான் இருக்கிறார்!

நொறுங்கிக் கிடந்த கோர்செயர் விமானத்தின் கண்ணாடி மூடி திறந்தது. உள்ளிருந்து ஒரு கை அசைந்ததை, மேலே வட்டமடித்துக் கொண்டிருந்த தோழர்கள் பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர் ஏன் வெளியே வரவில்லை? என்ஜினில் புகை கிளம்பிவிட்டதே!

1950 டிசம்பர் 4. வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலைச்சரிவு. அங்கே சீனப் படையிடம் சிக்கித் தவித்த அமெரிக்க மரைன்களுக்குத் துணையாக, 'லேய்ட்டி' விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து வந்தவர்கள் இவர்கள்.

மிசிசிப்பியின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஜெஸ்ஸி, அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பர். அவருக்கு விங்மேனாகப் பறந்த டாம் ஹட்னர் வெள்ளையர். பதவியில் ஹட்னர்தான் மூத்தவர். ஆனால் ஜெஸ்ஸிக்குப் பறந்த அனுபவம் அதிகம் என்பதால் வானில் ஜெஸ்ஸி முன்னே, ஹட்னர் பின்னே. நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

ஹட்னர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சக்கரங்களை இறக்காமலே தன் விமானத்தைப் பனியில் மோதி இறக்கினார். ஓடிப்போய்ப் பார்த்தால், நசுங்கிய கருவிப் பலகைக்கு அடியில் ஜெஸ்ஸியின் கால் மாட்டியிருந்தது. கையுறை இல்லாத விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஹட்னர் ஒரு கம்பளிக் குல்லாயை அவர் தலையில் மாட்டினார். கைகளை ஸ்கார்ஃபால் சுற்றினார். பனியை அள்ளி அள்ளிப் புகையும் என்ஜினில் திணித்தார்.

மீட்பு ஹெலிகாப்டரின் விமானி சார்லி வார்ட் கோடரியோடு வந்து சேர்ந்தார். ஓங்கி ஓங்கி வெட்டியும் உலோகம் அசையவில்லை. மனைவி டெய்சியிடம் தன் அன்பைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார் ஜெஸ்ஸி. பிறகு பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. இருட்டிவிட்டால் ஹெலிகாப்டரால் பறக்க முடியாது. கருவிகளோடு திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு ஹட்னர் புறப்பட்டார். ஜெஸ்ஸியிடமிருந்து பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து, உடல் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று ஜெஸ்ஸியின் தோழர்களே பிரார்த்தனை சொல்லிக்கொண்டு அங்கே நாபாம் குண்டு வீசினார்கள். அவருக்கு 24 வயது.

1951 ஏப்ரல் 13 அன்று வெள்ளை மாளிகையில், டெய்சியின் கண்ணெதிரே, ஹட்னருக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' அணிவித்தார் அதிபர் ட்ரூமன். பதக்கம் கிடைத்தது. கொடுத்த வாக்கு?

2013 ஜூலை. 88 வயது ஹட்னர் பியாங்யாங்கில் வந்து இறங்கினார். நண்பனின் எலும்பையாவது தேடி எடுக்க வேண்டும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மலையை அவர் எட்டினாரா?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)