வரி இல்லாத ஊரில் ஃபாக்ஸ்ப்ரோ

2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரும் வரைக்கும் அந்தமான் நிக்கோபாரில் வாட் வரி கிடையாது. அந்த விஷயத்தில் லட்சத்தீவும் நாங்களும் தனி. மெயின்லேண்டில் இருக்கும் என் தொழில்காரர்களிடம் இதைச் சொன்னால் கடைக்காரர்களுக்குக் கொழுத்த லாபம் என்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. டாஸில் ஓடும் பழைய பில்லிங் புரோகிராம்கள் இந்தத் தீவுகளில் இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் வந்தபோது பழைய புரோகிராமைத் தூக்கிப்போட அங்கே ஒரு கட்டாயம் வந்தது. எங்களுக்கு வரவில்லை. 1994இல் எழுதிய பில் 2016லும் சட்டப்படி சரியான பில்தான்.

போர்ட் பிளேரில் நான் செய்துவந்த வேலைக்கு ஏ.எம்.சி. என்று பெயர். வருடத்துக்கு ஒரு தொகை பேசிக்கொண்டு, கடையின் கம்ப்யூட்டரும் அதற்குள் இருக்கும் கணக்கும் நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்வது. அபர்டீன் பஜாரில் இரும்புக்கடை, கோல்கரில் மருந்துக்கடை, ஜங்லிகாட்டில் மளிகை மொத்த வியாபாரம், ஊழியர் கடன் சங்கங்கள், எங்கே போனாலும் அதே நீலத்திரை. எழுதப்பட்டது அந்தக் காலத்து டேட்டாபேஸ் மொழிகளில்: டிபேஸில், இல்லாவிட்டால் கிளிப்பரில், இல்லாவிட்டால் ஃபாக்ஸ்ப்ரோவில். எழுதியவன் பெரும்பாலும் மெயின்லேண்டில் படித்துவிட்டு வந்த பையனாக இருப்பான். அரசு வேலையோ துபாயோ கிடைத்ததும் போய்விடுவான். சோர்ஸ் கோடும் அவனோடு கப்பலேறிவிடும். மிச்சம் இருப்பது ஒரு ஈ.எக்ஸ்.ஈ., சில டி.பி.எஃப். கோப்புகள், "பழையபடியே ஓடணும்" என்ற முதலாளியின் உத்தரவு.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களில் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான்: டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் III ப்ளஸ். நான் மதுரையில் படித்தேன். ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது; படிப்பு முடிந்ததும் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பிடித்துத் திரும்பினேன். சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள். டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஃப்ளாப்பிகள். காசு கொடுத்து வாங்கிய டிபேஸ் பெட்டியை என்னோடு படித்த ஒருவனும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தத் தலைமுறை நகலில் வளர்ந்த தலைமுறை.

அந்த டிபேஸின் பூர்வீகம் கலிஃபோர்னியா. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்த வெய்ன் ராட்லிஃப், அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிப்பதற்காக வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. ஆய்வகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் இருந்த ஜே.பி.எல்.டிஸ் அதற்கு முன்மாதிரி. ஜார்ஜ் டேட் என்ற வியாபாரி அதை எடுத்து டிபேஸ் II என்று விற்றார். முதல் சரக்குக்கே இரண்டாம் நம்பர். ஏற்கெனவே அடிபட்டுத் தேறியது என்று ஜனம் நம்பட்டுமாம். கம்பெனி பெயர் ஆஷ்டன்-டேட். ஆஷ்டன் என்று ஒரு ஆளே கிடையாது. நம் ஊர் சினிமாக் கம்பெனிக்காரர்கள் கேட்டால் மெச்சுவார்கள்.

ஒஹாயோவில் டேவ் ஃபுல்டனின் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர், அதே மொழி பேசுகிற, ஆனால் பலமடங்கு வேகமான, ஃபாக்ஸ்ப்ரோவுக்கு முன்னோடியான ஃபாக்ஸ்பேஸைக் கொண்டுவந்தது. 1988இல் ஆஷ்டன்-டேட் வழக்குப் போட்டது. 1990 டிசம்பரில் நீதிபதி, ஜே.பி.எல்.டிஸ் சமாசாரத்தை மறைத்துத்தானே பதிப்புரிமை வாங்கினீர்கள் என்று உரிமையையே ரத்து செய்தார். சில மாதத்தில் அந்த உத்தரவைத் தாமே திரும்பப் பெற்றார். 1991இல் ஆஷ்டன்-டேட்டை போர்லேண்ட் வாங்கியது. வழக்கைக் கைவிட்டால்தான் வாங்கலாம் என்று அமெரிக்க அரசு நிபந்தனை வைத்தது. மறுவருடம் ஃபாக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இதெல்லாம் நடக்கும்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த வழக்கு வேறு மாதிரி முடிந்திருந்தால் நான் வேறு பிழைப்புத்தான் பார்த்திருக்க வேண்டும். டிபேஸில் பிறந்த கோப்பைக் கிளிப்பரில் ஓட்டி, ஃபாக்ஸில் ரிப்பேர் செய்ய முடிந்ததென்றால், அந்தக் கோப்பின் அமைப்பை எந்தக் கம்பெனியாலும் வேலி போட்டு வளைக்க முடியாமல் போனதுதான் காரணம்.

அமைப்பு என்ன பெரிய அமைப்பு! டி.பி.எஃப். கோப்பின் தலையில் 32 பைட். கடைசியாகத் தொட்ட தேதி, மொத்தம் எத்தனை ரெக்கார்டு, தலைப்பகுதியின் நீளம், ஒரு ரெக்கார்டின் நீளம் எல்லாம் அதில் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 32 பைட், முடிவுக்கு ஒரு பைட். பிறகு சரக்கு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நீளத்தில். பூட்டு கிடையாது, மறைவு கிடையாது. நோட்பேடில் திறந்தால்கூட கடன்காரர் பெயரைப் படித்துவிடலாம்.

டீசல் ஜெனரேட்டரை நம்பியிருந்த ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். பேட்டரி செத்திருக்கும், புதியது கப்பலில் வந்துகொண்டிருக்கும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், ரெக்கார்டு டிஸ்க்கில் ஏறியிருக்கும், தலையிலுள்ள எண்ணிக்கை மாறியிருக்காது. 20 ஃபீல்டு, ஒரு ரெக்கார்டு 120 பைட் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பகுதி 673 பைட். கோப்பின் மொத்த அளவு 5,40,674. அதில் 673ஐயும் கடைசி முடிவுக்குறி ஒன்றையும் கழித்து 120ஆல் வகுத்தால் 4,500. ஆனால் தலையில் 4,488 என்று நிற்கிறது. கடைசி பன்னிரண்டு பில்லும் உள்ளேதான் இருக்கின்றன, புரோகிராமின் கண்ணுக்குத் தெரியவில்லை. டாஸில் டீபக் என்று ஒரு கருவி இருந்தது. கோப்பை அதில் ஏற்றி, 104ஆம் இடத்துக்குப் போக வேண்டும். பதினாறடிமானத்தில் 4,488 என்பது 1188, 4,500 என்பது 1194. பைட்டுகள் தலைகீழாக உட்காருவதால் முதலில் தெரிவது 88. அதை 94 ஆக்கிச் சேமித்தால் பன்னிரண்டு பில்லும் திரும்பிவிடும். மாற்றியது ஒரே ஒரு பைட். பக்கத்தில் நிற்கிற முதலாளிக்கு நாம் மந்திரம் போட்ட மாதிரி இருக்கும். இதற்கு எப்படி நூறு ரூபாய் கேட்பது என்று எனக்கும் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுவேன்.

தலையில் எண்ணிக்கை கூடுதலாக நின்றுவிட்டால் கதை மாறும். ஃபாக்ஸ், இது டேட்டாபேஸ் கோப்பே இல்லை என்று கையை விரிக்கும். வகுத்தல் கணக்கு அதற்கும் அதேதான். இண்டெக்ஸ் அடிபடுவதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை, சி.டி.எக்ஸ். கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பயம் மெமோ கோப்புக்குத்தான். எஃப்.பி.டி. கெட்டால் அதில் எழுதிய குறிப்பெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும், பிரிக்க முடியாது. அதனால் என் கை பட்ட இடத்தில் மெமோ ஃபீல்டு வைக்க விடமாட்டேன்.

டெலிட் கொடுத்தால் டிபேஸ் எதையும் அழிக்காது. ரெக்கார்டின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரம் போடும், அவ்வளவுதான். ரீகால் கொடுத்தால் நட்சத்திரம் போய்விடும். பேக் கொடுத்தால்தான் உண்மையிலேயே போகும். இன்றைய சாஃப்ட்வேர்களில் இந்த அளவு கரிசனம் எனக்குத் தெரிந்து குறைவு.

கம்ப்யூட்டருக்கு இங்கே இன்னொரு எதிரி ஈரம். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, மிச்ச நாளெல்லாம் உப்புக்காற்று. ஃப்ளாப்பியின் ஷட்டரைத் தள்ளிப் பார்த்தால் காந்தத் தட்டில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும். அதை அப்படியே டிரைவில் போட்டால் டிரைவின் தலையும் கெடும். மர அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்றை இரவு பகலாக எரியவிட்டு அதில்தான் பேக்கப் ஃப்ளாப்பிகளை வைத்தோம். எல்லாவற்றிலும் இரண்டு செட். ஒன்று கடையில், ஒன்று முதலாளி வீட்டில்.

இரண்டு செட் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1858 மார்ச் 10 அன்று டாக்டர் வாக்கர் தண்டனைக் குடியேற்றம் அமைக்க இருநூறு கைதிகளோடு வந்து இறங்கிய நாளிலிருந்து இது பதிவேடுகளால் ஆளப்பட்ட ஊர். கைதியின் கழுத்தில் தொங்கிய மரப்பலகையில் எண், தண்டனைப் பிரிவு, தண்டனை நாள், விடுதலை நாள் நான்கும் இருக்கும். ஃபீல்டு பிரித்து எழுதிய ரெக்கார்டு அது. ஆளையே கோப்பாக்கி நடமாட விட்டிருந்தார்கள். அந்தப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் போய்விட்டது. தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று தேடுகிற லோக்கல்-பார்ன் எனப்படும் கைதி வம்சத்துக் குடும்பங்கள் இன்றும் அந்த இடத்தில் வந்து முட்டி நிற்கின்றன.

அடுத்த அடி 2004 டிசம்பர் 26இன் நிலநடுக்கமும் சுனாமியும். வேடிக்கை என்னவென்றால் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9 வெளிவந்ததும் அதே டிசம்பரில்தான். போர்ட் பிளேரில் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் கடல் வந்து தங்கிவிட்டது. கடல் தண்ணீர் குடித்த ஹார்டு டிஸ்க்குகளின் போர்டை மட்டும் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, காயவைத்து, ஒரு தடவை ஓடினால் போதும் என்று நகலெடுத்தோம். சில ஓடின. போர்ட் பிளேர் தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். கார் நிக்கோபாரும் கச்சாலும் தப்பவில்லை. கச்சாலில் 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் ஆட்களும் இருந்தார்கள்.

நிக்கோபார் கடைகளுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பிய ஒரு மொத்த வியாபாரியின் ஏ.எம்.சி. என்னிடம் இருந்தது. ஜனவரியில் கூப்பிட்டு அனுப்பினார். பட்டியலை அச்சடிக்கச் சொல்லி, டிக் அடித்துக்கொண்டே போனார். "இந்தப் பேருக்கெல்லாம் டெலிட் போட்டுரு தம்பி" என்றார். பாக்கி பெரிய தொகையாயிற்றே அண்ணாச்சி என்று இழுத்தேன். "யார்கிட்ட போய்க் கேக்கறது? டெலிட் போடு. பேக் மட்டும் பண்ணாத." அந்த நட்சத்திரங்களோடுதான் அந்தக் கோப்பு கடைசிவரை ஓடியது. பேக் ஓடும் இடத்தை எல்லாம் தேடி அடைத்தேன், அதனால் கோப்பு பெருத்துக்கொண்டே போனது. அவர் அதற்குக் கவலைப்படவில்லை.

மற்றபடி நோய்கள் மெயின்லேண்டில் வந்தவைதான். 2000இல் தேதிப் பிரச்சினை. கோப்பில் வருடம் நான்கு இலக்கத்தில்தான் இருக்கும், திரையில் இரண்டு இலக்கம் அடிப்பதால் 1900 என்று ஏறும். செஞ்சுரியை ஆன் செய்து, நான்கு இலக்கமும் அடிக்கவைத்தால் தீர்ந்தது. வேகமான பென்டியம் வந்ததும் ஃபாக்ஸ் திறக்கும்போதே 'டிவைட் பை ஜீரோ' என்று விழும். ஒரு சுற்றை ஓடவிட்டு ஆன நேரத்தை வைத்து மெஷினின் வேகத்தை அளக்கிற வழக்கம் அந்தக் காலப் புரோகிராம்களுக்கு உண்டு. நேரம் பூஜ்யம் என்று வந்தால் வகுக்க முடியாமல் செத்துவிடும். மெஷின் நல்லதாக இருப்பதே நோய் என்பதைக் கடைக்காரருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராமே ஓடாது என்று ஆனபோது டாஸ்பாக்ஸ் காப்பாற்றியது. பிரிண்டரைத்தான் அதோடு பேசவைப்பது பெரும்பாடு.

இனி அடுத்த பதிப்பு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் 2007இல் அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆதரவையும் நிறுத்தியது. உலகம் முழுக்க ஃபாக்ஸ்காரர்கள் துக்கம் காத்தார்களாம். இங்கே ஒரு கடையில்கூட அது செய்தியாகவில்லை. எப்போது இருந்தது ஆதரவு, இப்போது நிற்பதற்கு? எங்களுக்கு மைக்ரோசாஃப்ட் என்பது அலமாரி, பல்பு, வகுத்தல் கணக்கு, கூப்பிட்டால் ஸ்கூட்டரில் வருகிற ஒரு ஆள்.

கதையை முடித்தது ஜி.எஸ்.டி.யும் கேபிளும். வரியே காணாத பில்லில் 35 என்று தொடங்கும் பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண், ஹெச்.எஸ்.என்., இரண்டு வரிப் பத்தி எல்லாம் ஒரே மாதத்தில் நுழைய வேண்டியிருந்தது. சோர்ஸ் இருந்த இடத்தில் நுழைத்தேன். ஈ.எக்ஸ்.ஈ. மட்டும் இருந்தவர்கள் வேறு பார்த்துக்கொண்டார்கள். சாட்டிலைட்டை மட்டும் நம்பியிருந்தவரை ஆன்லைன் சாஃப்ட்வேர் விற்க வந்தவர்களை இங்கே யாரும் உட்காரச் சொன்னதில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டதும் அந்தத் தடையும் போயிற்று.

இப்போது என்னிடம் வருவதெல்லாம் பழைய கோப்பை எக்செல்லுக்கு மாற்றித் தரச் சொல்லும் வேலை. ஓடிக்கொண்டிருப்பதாக எனக்குத் தெரிந்து மிச்சம் ஒரு சிறிய கடன் சங்கம் மட்டும். 2024 செப்டம்பரில் அரசு போர்ட் பிளேர் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியபோது அங்கிருந்து போன் வந்தது. உறுப்பினர் முகவரியில் ஊர் என்ற ஃபீல்டின் அகலம் 12. ஆங்கிலத்தில் பழைய பெயர் இடைவெளியோடு 10 எழுத்து, புதியது 16. அடித்தால் விஜயாவைத் தாண்டி ஒரே ஒரு எழுத்தோடு நின்றுவிடுகிறது. மாடிஃபை ஸ்ட்ரக்சர் போட்டு 20 ஆக்கினேன், இண்டெக்ஸைக் கட்டினேன். ரசீதில் ஊர்ப்பெயர் நீண்டு பின்கோடு மேல் ஏறிக்கொண்டது. 744101ஐ அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு வந்தேன். மெஷினுக்கு மட்டும் புது எஸ்.எம்.பி.எஸ். வேண்டியிருக்கிறது, சென்னையில் சொல்லிவைத்திருக்கிறேன்.