வலி, விதி அன்று!

பிள்ளைப் பேற்றை மறுபிறப்பு என்பர். மறுபிறப்பாகவே இருக்கட்டும், அதைத் தண்டனை என்று கூறிட எவருக்கு உரிமை உண்டு?

கூறினர், ஒரு காலத்தில்! ஏவாள் செய்த பிழைக்காகப் பெண்குலம் முழுதும் வேதனையுற்றே ஈன்றிட வேண்டும், அது ஆண்டவன் ஆணை என்றனர் மேனாட்டில். 1847 ஜனவரியில் எடின்பரோ நகர மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன், ஈதர் தந்து ஒரு தாயின் பேற்றுவலியைத் தணித்தார். நவம்பரில் குளோரோபார்மைக் கையாண்டார். வேதத்தைக் காட்டி மறுப்போருக்கு வேதத்தைக் கொண்டே விடை தந்தார். ஆதாமை ஆழ்ந்து உறங்கச் செய்த பிறகன்றோ ஆண்டவன் விலா எலும்பை எடுத்தான் என்று கேட்டார்! அவர் நாத்திகரல்லர், கிறித்தவரே. எனினும் துடிக்கும் தாயின் குரல், அவர் செவிக்கு எட்டிற்று.

1853 ஏப்ரல் 7-இல் விக்டோரியா அரசியார் இளவரசர் லியோபோல்டைப் பெற்றபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ, கைக்குட்டையில் குளோரோபார்மைச் சிறிது சிறிதாக இட்டு, 53 நிமிடம் முகரச் செய்தார். லான்செட் எனும் மருத்துவ ஏடு கண்டித்தது. ஆயினும் அரண்மனை ஏற்றதை, பின்னர் ஊரும் ஏற்கலாயிற்று.

பழைய வேதத்தை மறுத்த நாம், புதிய மருந்தையே வேதமாக்கிடலாமா? கூடாது! 1848 ஜனவரியில் ஹன்னா கிரீனர் எனும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகம் அகற்றக் குளோரோபார்ம் தரப்பட்டபோது மாண்டாள். ஸ்னோ மருந்தை வெறுத்து ஒதுக்கவில்லை, கண்மூடிப் போற்றவுமில்லை. எவ்வளவு தந்தால் உயிருக்கு ஊறு என்று அளந்தறிய முற்பட்டார். அதுவன்றோ அறிவின் வழி!

1921-இல் ஸ்பெயின் நாட்டு இராணுவ மருத்துவர் பிடல் பாகெஸ், முதுகின் கீழ்ப்புறத்தில், தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தி உடலை மரத்துப்போகச் செய்யும் முறையை விளக்கினார். அறுவைக்கெனப் பிறந்த அந்த எபிடூரல், பின்னர் மகப்பேற்று அறைக்கும் வந்தது. தாய் விழித்திருக்கிறாள், வலியோ தணிகிறது. ஆனால் இரத்த அழுத்தம் வீழலாம்; குழந்தையின் இதயத் துடிப்பு தளரலாம்; ஊசி உறையைத் துளைத்துவிட்டால் கடுந்தலைவலி வரலாம்; அரிதாக, மூச்சுத் திணறலும் நேரலாம். ஆகவேதான் அழுத்தத்தை அளந்தபடியும், சிசுவின் துடிப்பைக் கேட்டபடியும், குருதிப்போக்கையும் காய்ச்சலையும் கவனித்தபடியும் காவல் நிற்கின்றனர் மருத்துவரும் செவிலியரும். வலி உறங்கலாம், விழிப்பு உறங்கலாகாது!

வலியைத் தாங்குவதே தாய்மைக்குப் பெருமை என்பார் இன்றும் உளர். அவர்க்கு நாம் கூறுவோம்: மருந்து வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவளுடையது. அபாயத்தை முன்கூட்டி அறிந்து அவளைக் காக்கும் கடமை, நம் அனைவருடையது!