முதுகில் இருந்த ஆண்டு

பினாங்கு லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையில் அந்தப் பார்பி பொம்மை ஒரு ரேடியோவுக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே குப்புறக் கிடந்தது. உடை இல்லை. மஞ்சள் முடி சிக்குப் பிடித்துப் போயிருந்தது. கீழ்முதுகில் பொடி எழுத்துகள்: மட்டெல், 1966, மலேசியா.

"அறுபத்தாறுமா. நாடு பொறந்து மூணு வருசந்தான் ஆச்சு அப்ப. நூத்தம்பது வெள்ளி" என்றார் கடைக்காரர்.

பேரம் பேசி எண்பது வெள்ளிக்கு வாங்கினேன். என் அப்பாவைவிட மூத்த பொம்மை கிடைத்துவிட்டதென்ற சந்தோஷத்தில் நேராகச் சித்தி வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்பு சித்தி எட்டு வருடம் பிறை பக்கம் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரித்தார். "அறுபத்தாறுல இங்க ஏதுடி பொம்மைக் கம்பெனி? அப்ப ஒங்க தாத்தா எல்லாரும் தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் பொறக்கவே இல்ல."

எண்பது வெள்ளி போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணெதிரே எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது. அதற்குப் பிறகுதான் பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் அவற்றை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் பாடமே என் தவறுதான். பொம்மையின் உடலில் இருக்கும் ஆண்டு அது செய்யப்பட்ட ஆண்டல்ல. அந்த வடிவத்துக்கு நிறுவனம் உரிமை கொண்டாடும் ஆண்டு. பார்பி அறிமுகமானது 1959 மார்ச் 9ஆம் தேதி, நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில். ஆனால் அந்த முதல் பொம்மைகளின் உடலில் ரோமன் எண்களில் இருப்பது 1958. இடுப்பைத் திருப்பக்கூடிய உடல் 1967இல் கடைக்கு வந்தது. அதன் முத்திரை 1966. அதே முத்திரை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் செய்த பொம்மைகளின் முதுகிலும் தொடர்ந்தது. என் பொம்மை அந்த வரிசையில் ஒன்று. பின்தலை முடியைத் தூக்கிப் பார்த்தேன். கழுத்தோரம் இன்னொரு ஆண்டு இருந்தது: 1976. பல் தெரியச் சிரிக்கும் 'சூப்பர்ஸ்டார்' முகத்தின் ஆண்டு அது. அந்த முகம் விற்பனைக்கு வந்தது 1977இல். ஒரே உடம்பில் இரண்டு ஆண்டுகள். இரண்டுமே பிறந்த ஆண்டில்லை.

ஆகவே சேகரிப்பாளர்கள் எண்ணை மட்டும் நம்புவதில்லை, உடம்பைப் படிக்கிறார்கள். முதல் பார்பியின் கண்மணியில் நிறமே கிடையாது. புருவம் கூராக மேலே ஏறியிருக்கும். பாதங்களில் துளை, துளைக்குள் செம்புக் குழாய். பொம்மையைக் கம்பியில் நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. அடுத்த வடிவத்திலேயே துளை போய்விட்டது. மூன்றாவது வடிவத்தில் கண்ணுக்கு நீலம் வந்தது, புருவமும் மென்மையாக வளைந்தது. ஆரம்பகாலப் பொம்மைகளின் தோல் இன்று தந்தம்போல வெளுத்திருக்கும். தோட்டின் உலோகம் பட்டுப் பல பொம்மைகளுக்குக் காது பச்சையாகியிருக்கும். விலையைக் குறைக்கும் அந்தப் பச்சைதான் பொம்மையின் வயதுக்கும் சாட்சி.

இரண்டாவது பாடம் ஊர்ப்பெயர். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு சுங்கவரிச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கவேண்டுமென்றது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பெயர் இல்லாத ஜெர்மானியப் பீங்கான் பொம்மையைக் கண்டால், அதற்கு முந்தையதாக இருக்குமோ என்று சேகரிப்பாளர்கள் யோசிப்பது அதனால்தான். பார்பி அமெரிக்கப் பொம்மை என்கிறோம். ஆனால் முதல் பார்பி செய்யப்பட்டது ஜப்பானில். பிறகு தைவான், ஹாங்காங், பிலிப்பைன்ஸ், மலேசியா, சீனா, இந்தோனேசியா என்று முதுகிலிருக்கும் பெயர் மாறிக்கொண்டே போனது. கூலி மலிவான இடத்தைத் தேடி வேலை நகர்ந்த பாதை அது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. அதன் பிறகு தோட்டத்து வீடுகளிலிருந்தும் கம்பத்து வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினார்கள். என் சித்தியும் அப்படி ஏறியவர்தான்.

மூன்றாவது, நிறுவனத்தின் பெயர். 1945இல் தொடங்கிய மட்டெலின் பெயரில் 'மட்' என்பது ஹரோல்ட் மேட்சன், 'எல்' என்பது எலியட் ஹேண்ட்லர். மேட்சன் சீக்கிரமே விலகிப் போய்விட்டார். பார்பியை உருவாக்கி, தன் மகள் பார்பராவின் பெயரை அதற்கு வைத்தவர் எலியட்டின் மனைவி ரூத். விலகிப் போனவரின் பெயர் கோடிக்கணக்கான பொம்மைகளின் முதுகில் இருக்கிறது, ரூத்தின் பெயர் அதில் இல்லை. முதலாளியம்மாவுக்கே இதுதான் கதி என்றால், பஸ் ஏறிய பெண்களின் பெயரை எங்கே தேடுவது?

அடுத்த வாரம் பொம்மையோடு மறுபடியும் சித்தியிடம் போனேன். இந்த முறை அவர் முதுகைப் பார்க்கவே இல்லை. முடியைப் பிரித்து மண்டையைப் பார்த்தார்.

"இந்தா, நெத்தி ஓரத்துலயும் வகிட்டுலயும் நெருக்கமா தச்சிருக்கு பாரு. நடுவுல எடம் விட்டு தச்சிருக்கு. மேல விழுற முடி மறைச்சிரும்ல? முடி மிச்சம். தலைய மெஷின்ல குடுத்து கையாலதான் திருப்பணும். அசந்தா ஊசி வெரல்ல ஏறிரும்." வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்தில் ஒரு கோடு. சின்ன வயதிலிருந்து நான் பார்த்த விரல்தான். அது என்ன கோடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"இது நீங்க தச்சதா இருக்குமா சித்தி?"

"அதெப்படி சொல்றது? எங்க கம்பெனியோ வேற கம்பெனியோ. ஒரு வரிசையில எத்தன பேரு. ஆனா தச்சவளுக்குக் கை பழகியிருக்கு. வகிடு எங்கயும் கோணல."

சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குறிப்புச் சீட்டு வைப்பார்கள். என் பொம்மைக்கும் ஒன்று எழுதினேன். உடல் முத்திரை 1966. தலை முத்திரை 1976. செய்த காலம் அநேகமாக எண்பதுகளின் கடைசி அல்லது தொண்ணூறுகள். நாடு மலேசியா. கடைசி வரியைச் சித்தியைக் கேட்டு எழுதினேன்: முடி தைத்தவர் பெயர் தெரியாது, வகிடு நேராக இருக்கிறது.